முண்டு மிளகாயின் விதை யார் கையில்?

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி, கடலாடி வட்டாரங்களில் வானம் பார்த்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக இந்த மிளகாயை விளைவித்தவர்களுக்கு அது உரிய மரியாதை. ஆனால், புவிசார் குறியீடு காப்பது பெயரை மட்டுமே. வேறு ஊர்ச் சரக்கை இந்தப் பெயரில் விற்பதைத் தடுக்க அது உதவும். நம் நிலத்தில் விழும் விதை அசல் முண்டா, கலப்படமா என்பது விவசாயியின் வீட்டில், விதை எடுக்கும் நாளில் முடிவாகிற விஷயம்.

அந்த நாளுக்குத்தான் இன்று போதிய கவனம் இல்லை. விற்றது போக மிஞ்சிய வற்றலைத் தட்டி, உதிர்ந்த விதையை எடுத்து வைத்து, புரட்டாசி, ஐப்பசி மழையில் விதைப்பது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. கடைசிப் பறிப்பின் சிறுத்த காய், நோய் தாக்கி வெளுத்த காய், பக்கத்து நிலத்துச் சம்பா மிளகாயோடு கலந்த காய் எல்லாம் அந்தக் குவியலில் இருக்கும். நல்ல காய் சந்தைக்குப் போய்விடுகிறது. மட்டமான காய் விதையாகிவிடுகிறது. சில ஆண்டுகள் இப்படியே போனால் காயின் உருண்டை வடிவமும், தடித்த தோலும், நிறமும் மாறிப்போவதில் வியப்பில்லை.

மிளகாய் தன் மகரந்தத்திலேயே காய்க்கக்கூடியது என்றாலும், தேனீக்கள் வழியாக அயல் மகரந்தமும் கணிசமாகச் சேரும். அதனால்தான் சான்று விதை உற்பத்திக்கு மற்ற மிளகாய் ரகங்களிலிருந்து 200 மீட்டரும், ஆதார விதைக்கு 400 மீட்டரும் இடைவெளி கேட்கிறார்கள். நுனிக்கருகல், பழ அழுகல் நோயை உண்டாக்கும் பூசணம் விதை வழியாகவே அடுத்த பயிருக்கு வந்து சேர்கிறது. ஆக, அக்கறையின்றி எடுத்த விதை கலப்பையும் நோயையும் சேர்த்தே கொண்டுவருகிறது.

வீரிய ஒட்டு ரகங்களைக் குறை சொல்வது நமது நோக்கமல்ல. இறவையில், உரமும் பாதுகாப்பும் கொடுக்க முடிந்தவர்களுக்கு அவை நல்ல மகசூல் தருகின்றன. ஆனால், அவற்றில் எடுத்த விதையை மறு ஆண்டு விதைத்தால் செடிக்குச் செடி குணம் பிரிந்துவிடும். எனவே ஆண்டுதோறும் விதையை விலைக்கு வாங்கியே தீர வேண்டும். முண்டு, சம்பா போன்ற நாட்டு ரகங்களும், கோவில்பட்டியின் கே-1, கே-2 போன்ற ரகங்களும் அப்படியல்ல. முறையாக எடுத்தால் நம் வீட்டு விதையே நமக்குப் போதும்.

முறையாக எடுப்பதற்குப் பெரிய செலவில்லை. விதையை வற்றல் குவியலில் தேடாமல், நிற்கும் செடியில் தேட வேண்டும். தை, மாசியில் காய் நிறைந்து நிற்கும்போது வயலைச் சுற்றிவந்து, ரகத்தின் குணம் குறையாத, இலை சுருளாத, நன்கு காய்த்த செடிகளில் வண்ணத்துணி கட்டி வையுங்கள். ஒன்றிரண்டு செடியோடு நிறுத்தாமல், 40, 50 செடிகளையாவது குறிப்பது நல்லது. அப்போதுதான் ரகத்தின் வலு குறையாது. முதல் பறிப்பையும் கடைசிப் பறிப்பையும் விட்டுவிட்டு, நடுப் பறிப்புகளில் நன்கு சிவந்து பழுத்த, புள்ளியோ அழுகலோ இல்லாத பழங்களை மட்டும் தனியே எடுக்க வேண்டும். அவற்றை வற்றலோடு சேர்த்துக் கொதிக்கும் களத்தில் போடாமல், நிழலும் இளவெயிலுமாகக் காயவைத்து விதை எடுக்கலாம். விதையின் ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. காற்றுப் புகாத கலனில், ரகத்தின் பெயரும் எடுத்த தேதியும் எழுதி, ஈரம் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

விதைப்புக்கு முன் முளைப்புச் சோதனை அவசியம். நூறு விதையை ஈரத்துணியில் சுருட்டி, துணி காயாமல் பார்த்துக்கொண்டு, பதினான்காம் நாள் எண்ணினால் போதும். மிளகாய்ச் சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 60 சதவீதம். அதற்குக் கீழே வந்தால், அந்த விதையை நம்பி மழையை வீணாக்க வேண்டாம்.

இறவையில் நடவு செய்பவர்கள் நாற்றையும் வீட்டிலேயே வளர்க்கலாம். ஓர் ஏக்கர் நடவுக்கு 400 கிராம் விதையும், ஒரு சென்ட் நாற்றங்காலும் போதும். ஒரு மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் உயரத்தில் மேட்டுப்பாத்தி அமைத்து, கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்த விதையை வரிசையாக, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதைக்க வேண்டும். முளைக்கும்வரை வைக்கோல் மூடாக்கு இருக்கட்டும். முளை தெரிந்ததும் எடுத்துவிட வேண்டும். நெருக்கி விதைப்பதும், பாத்தியில் நீர் தேங்க விடுவதும் நாற்றழுகலுக்கு அழைப்பு. இலைச்சுருட்டு நச்சுயிரியைப் பரப்பும் வெள்ளை ஈ நாற்றங்காலிலேயே தாக்கத் தொடங்கும் என்பதால், பாத்தியின் மேல் நுண்கண் நைலான் வலை கட்டுவது மருந்துச் செலவைக் குறைக்கும். 40 முதல் 45 நாளில் நாற்று நடவுக்குத் தயாராகிவிடும். நேரடியாக விதைப்பவர்களும் ஒரு சிறு பாத்தி போட்டு வைத்தால், மழை ஏமாற்றிய இடங்களில் போக்கிடம் நிரப்பப் பயன்படும்.

வீட்டுக்கொல்லையும் இதற்குப் பெரும் துணை. சுற்றிலும் வேறு மிளகாய் இல்லாத கொல்லையில் 40, 50 முண்டுச் செடிகளை வளர்த்தால், அது வீட்டுச் சமையலுக்கு மட்டுமின்றி விதைக்கும் ஆகும். அருகில் வேறு மிளகாய் இருந்தால், தேர்ந்த கிளைகளில் மொட்டுப் பருவத்திலேயே மெல்லிய துணிப்பை கட்டிக் காய்த்த பின் எடுத்துவிடலாம். கடையில் வாங்கிய வற்றலின் விதையைத் தொட்டியில் போட்டு வளர்ப்பது சட்னிக்கு உதவும், வயலுக்கு உதவாது. அது எந்த ரகம், எப்படிக் காய்ந்தது என்பது யாருக்கும் தெரியாது. விதையைச் சாம்பலில் புரட்டிப் பானையில் காத்துவைத்தவர்கள் நம் வீட்டுப் பெண்கள். அந்தக் கைப்பழக்கம் விட்டுப்போகும் முன் அடுத்த தலைமுறைக்குச் சேர வேண்டும்.

சட்டமும் நம் பக்கம்தான் இருக்கிறது. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், தன் நிலத்து விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பகிரவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை வணிகப் பெயரிட்டு விற்பதற்கு மட்டுமே தடை. அண்டை வீட்டாரோடு விதை மாற்றிக்கொள்ள எவரும் தயங்க வேண்டியதில்லை.

வேளாண், தோட்டக்கலைத் துறைக் களப்பணியாளர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றுதான். மிளகாய்ப் பயிற்சி என்றால் உரமும் மருந்தும் மட்டும் பேசப்படுகிற நிலை மாறட்டும். காய் நிறைந்து நிற்கும் தை, மாசியிலேயே வயலுக்கு வந்து, விதைச் செடியைத் தேர்ந்து துணி கட்டுவதை விவசாயிகளோடு சேர்ந்து செய்து காட்டுங்கள். ஆவணியில் ஊருக்கு ஊர் முளைப்புச் சோதனை நடத்துங்கள். நாற்றங்கால்களில் விற்கும் ஒவ்வொரு தட்டிலும் ரகத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் ஊருக்கு இரண்டு மூன்று பேரையாவது விதைப் பொறுப்பாளர்களாக்கி, அவர்கள் எடுக்கும் தேர்ந்த விதைக்கு வற்றல் விலையைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் நல்ல பழம் விதைக்காக ஒதுக்கப்படும்.

புவிசார் குறியீட்டைப் பார்த்து விலை கொடுக்க வருபவர், முண்டுக்கே உரிய காரத்தையும் நிறத்தையும் எதிர்பார்த்து வருகிறார். மூட்டையைப் பிரித்ததும் அது இல்லையென்றால் அடுத்த முறை வர மாட்டார். இந்தத் தை மாதம், சந்தைக்கு மூட்டை கட்டும் முன் ஒரு கூடைப் பழத்தை விதைக்கென்று தனியே எடுத்து வையுங்கள். அது அடுத்த ஆண்டுப் பயிருக்கான முதல் முதலீடு.