பார்த்துக்கொண்டே இருந்தோம்

ஏர்க்காட்டு மலைப்பாதையில் பயணம் செய்தவர்களுக்கு அதன் கொண்டை ஊசி வளைவுகள் நினைவில் இருக்கும். 2024 ஏப்ரல் 30ஆம் நாள், அங்கிருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பேருந்து ஒன்று பள்ளத்தில் கவிழ்ந்து, உயிர்கள் பல பறிபோயின. மௌத்துச் செய்தி காதில் விழுந்ததும் "இன்னாலில்லாஹி" என்று சொல்லி, கையிலிருக்கும் வேலையைச் சற்று நிறுத்திவிடுவார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். இன்றோ, "படம் வந்திருக்கிறதா?" என்பதே பலரின் முதற் கேள்வியாகிவிட்டது.

மரணம் எப்போது காட்சிப் பொருளாயிற்று? 1963 நவம்பரில், அமெரிக்க அதிபர் கென்னடியைக் கொன்றதாகக் கைது செய்யப்பட்ட ஆஸ்வால்டு, காவலர்களின் நடுவிலேயே சுடப்பட்டதைத் தொலைக்காட்சி நேரலையாகக் காட்டியது. நம் நாட்டில் 2006ஆம் ஆண்டு, ஹரியானாவில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த ஒரு சிறுவனை மீட்கும் பணியை நாடே கண்டது. அல்லாஹ்வின் அருளால் அப்பிள்ளை உயிருடன் மீண்டான்.

எல்லாப் பிள்ளைகளும் மீளவில்லை. 2019 அக்டோபர் 25ஆம் நாள், மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தையொன்று கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்தது. அருகே மற்றொரு குழி தோண்டினார்கள், கடும்பாறை குறுக்கிட்டது. 80 மணி நேரத்துக்கு மேல் தமிழகம் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தது. தீபாவளித் திருநாளும் அந்தத் துயரிலேயே கழிந்தது. சமய வேறுபாடின்றிக் கைகள் துஆவுக்கு உயர்ந்தன. 29ஆம் நாள் அதிகாலையில் கிடைத்தது ஜனாஸாதான்.

அதற்குள் தூத்துக்குடியில் இன்னொரு துயரம் நிகழ்ந்துவிட்டது. பெற்றோர் அந்த நேரலையைக் கண்கலங்கப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், அவர்களுடைய 2 வயதுப் பெண் குழந்தை குளியலறைத் தண்ணீரில் மூழ்கி இறந்துபோனது. அந்தத் தாய் தந்தையரைக் குறை சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது? அன்று நாமும் அவ்வாறே அமர்ந்திருந்தோம். நம் பிள்ளைகளை அல்லாஹ் காத்தான்; அவ்வளவே வேறுபாடு.

நம்மைத் திரையின் முன் இருத்தியது கல்நெஞ்சமன்று, இரக்கமே. ஆனால் செயலுக்கு வழியற்ற இரக்கம் நாழிகை செல்லச் செல்ல வேடிக்கையாக மாறிவிடுகிறது. அடுத்து என்ன என்ற ஆவல் மேலோங்கி, பிள்ளையின் உயிர் தொடர்கதையாகிவிடுகிறது.

மார்க்கம் நமக்குக் கற்பித்த ஒழுக்கம் வேறு. ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அதுவும் ஓர் உயிரல்லவா என்று தோழர்களுக்கு உணர்த்தினார்கள். மையித்தைத் திரை கட்டிக் குளிப்பாட்டுகிறோம். குளிப்பாட்டியவர் கண்ட குறையை வெளியில் சொல்வதில்லை. அத்தகைய சமுதாயம், விபத்தில் சிதைந்த உடலின் படத்தைக் கைப்பேசியில் பத்துப் பேருக்கு அனுப்பலாமா? இத்தகைய காட்சிகளைக் காட்ட வேண்டாமென்று 2023 ஜனவரியில் மத்திய அரசே தொலைக்காட்சி நிலையங்களுக்கு அறிவுரை வழங்கியது.

எல்லாப் படமும் தீதன்று. 2020ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவர் காவலரின் முழங்காலின் கீழ் மூச்சடங்கியதை ஒரு பெண் படமெடுத்தாள். அப்படம் நீதிமன்றத்தில் சாட்சியாகி, குற்றவாளிக்குத் தண்டனை பெற்றுத் தந்தது. அநீதிக்குச் சாட்சி சொல்வது கடமை. பிறர் மரணத்தைப் பொழுதுபோக்காகக் காண்பது சாட்சியமாகாது.

பயனற்ற ஆழ்துளைக் கிணற்றை மூடிவிட வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டிருந்தது. பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதையும் ஈமானின் ஒரு கிளையென்றார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். இரவில் பாத்திரங்களை மூடி வைக்கவும் பணித்தார்கள்.

சகோதர சகோதரிகளே! அடுத்த முறை இத்தகைய செய்தி வரும்போது, ஒரு துஆவோடு தொலைக்காட்சியை நிறுத்துங்கள். எழுந்து சென்று குளியலறைத் தொட்டி மூடியிருக்கிறதா, வாளி கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறதா, வீட்டுப் பிள்ளை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் மஹல்லாவில் திறந்து கிடக்கும் குழியிருந்தால், அதை மூடும்வரை உரியவரை விடாதீர்கள்.

நம் கண்களும் நாளை விசாரிக்கப்படும். அவற்றை நல்வழியில் செலுத்த வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.