முகத்தையும் முகவரியையும் கேட்கும் சந்தை: சமூக ஊடக விற்பனையில் தலித் சிறுதொழில் முனைவோர்

சிறுதொழில் முனைவோருக்கான பயிற்சி வகுப்புகளில் இப்போது ஒரே பாடம்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. நாள்தோறும் ஏதேனும் ஒன்றைப் பதிவிடுங்கள். பொருளை மட்டும் காட்டாமல் உங்கள் முகத்தையும் காட்டுங்கள். ஊரைச் சொல்லுங்கள், சமையலறையைக் காட்டுங்கள், குடும்பத்தின் கதையைப் பகிருங்கள். மனிதரை நம்பிய பிறகே வாடிக்கையாளர் பொருளை வாங்குவார். வணிக நோக்கில் இது தவறான அறிவுரை அன்று. விளம்பரத்துக்குப் பெருந்தொகை ஒதுக்க இயலாதவருக்கு நம்பிக்கைதான் மூலதனம். ஆனால் முகமும் ஊரும் குடும்பமும் தெரியத் தெரிய நம்பிக்கை வளரும் என்னும் கணக்கு எல்லோருக்கும் பொருந்துவதில்லை. ஊறுகாயும் மசாலாப் பொடியும் செய்து விற்கும் ஒரு தலித் பெண்ணுக்கு அதே கணக்கு தலைகீழாகப் போகக்கூடும் என்பதை நாம் அறிந்த எந்தப் பயிற்சிக் கையேடும் பேசவில்லை.

இணையத்தில் சாதி தெரியாது, எனவே அது சமமான சந்தை என்று சொல்வோர் உண்டு. பரோடா அரசுப் பணியிலிருந்து வெளியேறிய பின் அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் முதலீட்டு ஆலோசனை நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். கொலம்பியாவில் பொருளியல் பயின்றவரின் ஆலோசனை நல்ல ஆலோசனையாகத்தான் இருந்திருக்கும். அவர் தீண்டப்படாதவர் என்பது தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகினர், தொழில் மூடப்பட்டது. அன்று செய்தி வாய்வழி பரவ வேண்டியிருந்தது. இன்று முனைவோர் தாமே தம்மைப் பற்றிய செய்தியை நாள்தோறும் பதிவேற்ற வேண்டும் என்பது விற்பனையின் விதியாகியிருக்கிறது.

முகத்தை மறைத்துக்கொண்டாலும் முகவரியை மறைக்க இயலாது. பொட்டலமிட்ட உணவுப் பொருளின் மீது தயாரிப்பாளரின் பெயரும் முழு முகவரியும் அச்சிடப்பட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் உணவுப் பெயர்ச்சீட்டு ஒழுங்குமுறைகளும், 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகளும் கூறுகின்றன. நுகர்வோர் பாதுகாப்புக்கு இது தேவை. இதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் ஒரு முகவரியின் இரண்டாம் வரி எதைச் சொல்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ‘காலனி’ என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். அந்தச் சொல் வசைச்சொல்லாகவும் தீண்டாமையின் குறியீடாகவும் மாறிவிட்டது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அறிவிப்பு வரவேற்கத்தக்கது. ஆனால் பலகையை மாற்றுவதால் மட்டும் ஊருக்கும் சேரிக்கும் இடையிலான இடைவெளி பத்து கிலோமீட்டர் சுற்றளவில் வாழும் வாடிக்கையாளருக்கு மறந்துவிடாது. நம்மிடம் சட்ட ஆலோசனைக்கு வந்த ஒரு பெண் முனைவோரின் காணொளிக்குக் கீழே முதலில் வந்த கேள்வி விலையைப் பற்றியதன்று: “அக்கா, நீங்க ஊருக்குள்ளயா, அந்தப் பக்கமா?” கேட்டவர் மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்.

மறுபுறம், சாதியையே தரச்சான்றாக விற்கும் வழக்கம் இங்கே நெடுங்காலமாக உண்டு. அய்யங்கார் பேக்கரி என்னும் பலகையை யாரும் வியப்புடன் பார்ப்பதில்லை. ‘மாமி கைமணம்’ என்றால் தூய்மை என்று பொருள் கொள்ளப் பழக்கப்பட்டிருக்கிறோம். 1957இல் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகப் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை அழிக்கப் பெரியார் மாதக்கணக்கில் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. பலகையிலிருந்து போன சொல் இப்போது பக்கத்தின் பெயராகவும் ஹேஷ்டேக்காகவும் திரும்பியிருக்கிறது. பயிற்சியாளர்கள் இதைத் ‘தனித்த அடையாளம்’ என்று பாராட்டுகிறார்கள்.

அடையாளத்தை மறைக்காமல் முன்வைத்தவர்களும் இருக்கிறார்கள். எழுத்தாளர் சந்திரபான் பிரசாத் 2016இல் ‘தலித் ஃபுட்ஸ்’ என்ற பெயரிலேயே ஊறுகாயும் மசாலாவும் இணையத்தில் விற்கத் தொடங்கினார். மும்பையில் ஓவியர் சுதீர் ராஜ்பர் வசைச்சொல்லாக வீசப்பட்ட ஒரு சாதிப் பெயரையே எடுத்து ‘சமார் ஸ்டுடியோ’ என்று தம் வடிவமைப்பகத்துக்குச் சூட்டினார். இவை துணிவான அரசியல் செயல்கள். ஆனால் எழுத்தாலும் கலையாலும் முன்பே பொதுவெளியில் அறியப்பட்டவர்களுக்கு உள்ள இந்த வழி, பக்கத்து ஊர்த் திருமணத்துக்கு முறுக்கு விற்று வாழும் ஒருவருக்கு இல்லை. அவர் அடையாளத்தை அறிவிப்பதா மறைப்பதா என்பது அவருடைய உரிமை. அறிவிக்காதவரைக் கோழை என்று நம்மில் சிலரே பேசுவது நியாயமற்றது.

செலவுக் கணக்கையும் சுருக்கமாகப் பார்ப்போம். ஒரு பதிவுக்கு ‘பூஸ்ட்’ போட்டால் கட்டணத்தின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்கிறது. பதிவு பெற்ற நிறுவனம் அதை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளும். பதிவு பெறாத சிறு முனைவோர் முழுவதையும் தாமே சுமக்கிறார். இன்ஸ்டாகிராம் பார்த்துப் பெங்களூருவிலிருந்து ஒருவர் ஊறுகாய் கேட்டால், விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும், மாநிலம் கடந்து சரக்கு விற்பதற்குப் பதிவு கட்டாயமாகிறது. ஊரில் சாதி தடுக்கிறது என்று தொலைதூர வாடிக்கையாளரைத் தேடிப் போகிறவருக்கே இந்தச் சுமை முதலில் வருகிறது. ரீல்ஸ் எடுக்கும் நேரம், விடை எழுதும் நேரம், மாறிக்கொண்டே இருக்கும் தளத்தின் போக்கைக் கற்கும் நேரம் எல்லாம் கூலியில்லா உழைப்பு. வீட்டில் படித்த ஒருவர் இருந்தால் அவர் செய்வார்; முதல் தலைமுறை முனைவோரின் வீட்டில் அந்த வேலையும் அடுப்படியில் நிற்பவரின் தலையிலேயே விழுகிறது.

இனி வசைக்கு வருவோம். பின்னூட்டங்களையும் பகிர்வுகளையும் கணக்கிட்டே தளங்கள் ஒரு பதிவை மேலே தூக்குகின்றன. திட்டி எழுதினாலும் அது பின்னூட்டம்தான். வெறுப்புப் பேச்சுக்கு எதிரான மெட்டா நிறுவனத்தின் விதிகளில் பாதுகாக்கப்பட்ட அடையாளங்களின் பட்டியலில் சாதியும் இருக்கிறது. ஆனால் “அந்தப் பக்கமா?” என்னும் தமிழ்க் கேள்விக்குள் இருக்கும் சாதியை எந்த இயந்திரமும் எளிதில் கண்டுகொள்ளாது. தளத்தின் குறைதீர் அலுவலரிடம் முறையிடலாம். அவர் முடிவு ஏற்புடையதாக இல்லையெனில், 2022 திருத்தத்தின்படி அமைந்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவை அணுகலாம். பதிவை நீக்குவதற்கு இது உதவும். குற்றத்துக்குத் தண்டனை பெற்றுத் தராது.

அதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பொதுப் பார்வைக்குட்பட்ட இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கில் அவமதிப்பது பிரிவு 3(1)(ஆர்), சாதிப் பெயர் சொல்லி வசைபாடுவது 3(1)(எஸ்). இணையம் ‘பொதுப் பார்வைக்குட்பட்ட இடம்’ ஆகுமா என்ற கேள்விக்குக் கேரள உயர் நீதிமன்றம் 2022இல் ஆகும் என்று விடையளித்தது. பாதிக்கப்பட்டவர் நேரில் இருக்க வேண்டிய தேவையில்லை என்றும் கூறியது. ஆனால் 2024இல் ஷாஜன் ஸ்கரியா வழக்கில் உச்ச நீதிமன்றம், பட்டியல் சாதியைச் சேர்ந்தவரை அவமதித்தது மட்டும் போதாது, அவர் அச்சாதியைச் சேர்ந்தவர் என்பதற்காகவே அவமதித்தது என்பது வெளிப்பட வேண்டும் என்றது. ஆகவே புகாரில் வசைச்சொல்லை மட்டும் எழுதிவிட்டு நிற்கக் கூடாது. அதற்கு முன்னும் பின்னும் வந்த உரையாடல், தெருப்பெயர் குறிக்கப்பட்ட இடம், அந்தப் பகுதியில் அச்சொல்லுக்குள்ள பொருள் அனைத்தும் பதிவாக வேண்டும். பின்னூட்டத்தை உடனே அழித்துவிடுவது இயல்பான மனநிலை. அழிப்பதற்கு முன் இணைப்பு முகவரி, நாள், நேரம், கணக்கின் பெயர் தெரியுமாறு படியெடுத்து வைக்க வேண்டும். பாரதிய சாட்சியச் சட்டம், 2023, பிரிவு 63 கோரும் சான்றிதழ் இல்லாமல் அந்தப் படம் நீதிமன்றத்தில் வெறும் தாளாகிவிடும். போலிக் கணக்கு என்று சொல்லி வழக்குப் பதிய மறுக்கும் காவல் நிலையங்கள் உண்டு. கணக்கின் பின்னால் இருப்பவர் யார் என்று தளத்திடம் கேட்டறிவது புலனாய்வின் வேலை, புகார்தாரரின் வேலை அன்று. முதல் தகவல் அறிக்கைக்கு முன் ஆரம்பக்கட்ட விசாரணை தேவையில்லை என்று பிரிவு 18ஏ தெளிவாகச் சொல்கிறது.

வசையைவிடக் கடுமையானது அமைதியான புறக்கணிப்பு. தனியொரு நுகர்வோர் ஓசையின்றி வாங்காமல் போனால் அதைக் குற்றமாக்க இயலாது; அப்படி ஆக்க வேண்டும் என்று நாம் கேட்கவுமில்லை. ஆனால் ஊர் வாட்ஸ்அப் குழுவில் “அவங்ககிட்ட யாரும் வாங்காதீங்க” என்று ஒருவர் எழுதி மற்றவர்கள் அதை ஏற்பதும், கூட்டாக ஒற்றை நட்சத்திர மதிப்பீடு இட்டுக் கடையைச் சாய்ப்பதும் வேறு. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் பொருளாதாரப் புறக்கணிப்புக்கு விரிவான வரையறை தந்திருக்கிறது. தொழில் தொடர்பு கொள்ள மறுப்பதும், இயல்பான வணிகத்தில் நிலவும் நிபந்தனைகளின்படி நடக்க மறுப்பதும் அதில் அடங்கும். அத்தகைய புறக்கணிப்பை விதிப்பதும் விதிப்பதாக மிரட்டுவதும் பிரிவு 3(1)(இசட்சி)இன்படி குற்றம். கழனி வேலை மறுப்பு, மளிகைக் கடையில் பொருள் மறுப்பு போன்றவற்றுக்கே இதுவரை நாம் இப்பிரிவைப் பயன்படுத்தப் பழகியிருக்கிறோம். கைபேசித் திரையில் நடக்கும் புறக்கணிப்புக்கும் சட்டத்தின் சொற்கள் பொருந்துகின்றன.

இப்பிரிவுக்குரிய நிவாரண விதி பணத்தோடு நிற்பதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மறுக்கப்பட்ட பொருளாதார, சமூகச் சேவைகளை மற்றவர்களுக்கு இணையாக மாநில அரசு மீட்டுத் தர வேண்டும் என்கிறது விதி. சாய்க்கப்பட்ட ஓர் இணையக் கடைக்கு மீட்டுத் தருதல் என்றால் என்ன? பொய்யான மதிப்பீடுகளை நீக்கக் கோரி மாவட்ட நிர்வாகமே தளத்துக்கு எழுதுவது, அரசு விடுதிகளுக்கும் சத்துணவுக்கும் அந்த முனைவோரிடம் கொள்முதல் செய்வது, இழந்த மாதங்களுக்கான விளம்பரச் செலவை ஏற்பது என்று அதற்கு உருவம் கொடுக்கலாம்.

தேசிய மாதிரி ஆய்வின் 73ஆவது சுற்று (2015–16) காட்டிய நிலையில், நாட்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களில் பட்டியல் சாதியினருக்கு உரியவை 12.45 விழுக்காடு, மக்கள்தொகையில் அவர்கள் 16.6 விழுக்காடு. இந்த இடைவெளியைக் குறைக்கவே 2023இல் தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைக் கொண்டுவந்தது. 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் உண்மையான உதவிகள். எனினும் மூலதன மானியம் இயந்திரத்தை வாங்கித் தரும். இயந்திரத்திலிருந்து வெளிவரும் பொருளை வாங்க ஆள் வேண்டும். இணைய விளம்பரச் செலவையும், முகவரிக்காகப் பொதுத் தொழிற்கூடத்தில் ஓர் இடத்தையும், வசைக்கு உள்ளாகும்போது சட்ட உதவியையும் அத்திட்டத்தின் பகுதியாக்குமாறு நாம் கோருகிறோம். தாட்கோ நடத்தும் பொதுச் சமையற்கூடத்தின் முகவரி பொட்டலத்தில் இருந்தால் இரண்டாம் வரியைப் பார்த்துக் கேள்வி கேட்பவருக்கு அங்கே விடை கிடைக்காது.

மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும் என்பது விதி. கொலை, தீவைப்பு வழக்குகளின் பட்டியலோடு முடிந்துவிடும் அக்கூட்டங்களில், இணைய வணிகப் புறக்கணிப்பு குறித்த புகார்களையும் எழுத்து வடிவில் முன்வைக்குமாறு உறுப்பினர்களாக உள்ள நம் தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.