மழை விட்டும் அரிப்பு விடலையா? தாம்பரத்தை வாட்டும் படர்தாமரை: வினை வைப்பது மருந்துக்கடை டியூப்!

தாம்பரம்:

அடையாற்றில் தண்ணீர் ஏறினால் முடிச்சூரும் வரதராஜபுரமும் மிதக்கும் என்பது ஊருக்கே தெரியும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் 'மிச்சாங்' புயலின் போதும் இந்தப் பகுதி மக்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. வெள்ளம் நாலு நாளில் வடிந்துவிடும். ஆனால் அதற்குப் பிறகு தொடை இடுக்கிலும், இடுப்பிலும், கால்விரல் சந்திலும் வந்து உட்காரும் அரிப்பு லேசில் போவதில்லை.

வெள்ளம் வராத ஏரியாக்காரர்களும் தப்பவில்லை. பூஞ்சைக்கு வேண்டியது ஈரமும் சூடும்தான். காலையில் ஷூ மாட்டினால் ராத்திரி கழட்டும் மெப்ஸ் தொழிலாளி, ரெக்சின் சீட்டில் நாள் முழுக்க வியர்த்து உட்காரும் ஆட்டோ டிரைவர், ஈரப் புடவையோடு நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்கா என எல்லோரும் அதற்குத் தோதான ஆட்களே.

எது எது எப்படி இருக்கும்?

வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து, பொடிப்பொடியாகத் தோல் உரிந்து, நடுவில் மட்டும் ஆறினது மாதிரி தெரிந்தால் அது படர்தாமரை. வட்டம் நாளுக்கு நாள் பெரிதாகும். ராத்திரியில் தூங்க விடாது.

கால்விரல் இடுக்கில், முக்கியமாக சுண்டுவிரல் பக்கம், தோல் வெளுத்து ஊறி, வெடித்து, நாற்றம் அடித்தால் சேற்றுப்புண். சர்க்கரை உள்ளவர்கள் இதை அலட்சியம் செய்யவே கூடாது. அந்த வெடிப்பு வழியாக வேறு கிருமி புகுந்தால் கால் முழுக்க வீங்கி, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிவரும். இதுவரை சர்க்கரை பார்க்காதவர்களும், இந்தத் தொல்லை திரும்பத் திரும்ப வந்தால் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

மார்பு, முதுகு, கழுத்தில் திட்டுத்திட்டாக வெளுத்து, அரிப்பு அதிகம் இல்லாமல் இருப்பது தேமல். மருந்து போட்டபின் பூஞ்சை போய்விடும். ஆனால் பழைய நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். மருந்து வேலை செய்யவில்லை என்று பதறத் தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: திட்டு உள்ள இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் அது தேமல் அல்ல, தொழுநோயாக இருக்கலாம். உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே அதற்கு சிகிச்சை இலவசம்.

மூணு நாளில் குணம், முப்பதாம் நாள் டபுள்

இனிதான் விஷயமே. அரிப்பு வந்ததும் நம்ம ஆள் டாக்டரிடம் போவதில்லை. போனால் அரைநாள் கூலி போச்சு. நேரே மருந்துக்கடைக்குப் போய், "அண்ணே, அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க" என்கிறார். கடைக்காரரும் எடுத்து நீட்டுகிறார். போட்ட மூணாம் நாள் அரிப்பு அடங்கிவிடுகிறது. "சூப்பர் மருந்துப்பா" என்று பக்கத்து வீட்டுக்கும் சிபாரிசு.

அந்த டியூப்பில் பல நேரம் இருப்பது மூணு நாலு மருந்தின் கலவை. பூஞ்சையைக் கொல்ல ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே ஒரு ஸ்டீராய்டு. அரிப்பையும் சிவப்பையும் சட்டென்று அடக்குவது அந்த ஸ்டீராய்டுதான். அது பூஞ்சையைக் கொல்லாது. அந்த இடத்தில் உடம்பின் எதிர்ப்பைத்தான் அடக்குகிறது. காவலுக்கு நின்ற நாயைக் கட்டிப்போட்டால் திருடனுக்குக் கொண்டாட்டம்தானே! டியூப்பை நிறுத்தினதும் வட்டத்துக்குள் வட்டமாகக் கிளம்புகிறது. பயந்து மறுபடியும் அதே டியூப். மாதக்கணக்கில் போட்டால் தொடை இடுக்கில் தோல் மெலிந்து வரிவரியாகக் கோடு விழும். அந்தக் கோடு பிறகு மறையாது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுகள் கொண்ட களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகள் தடை செய்யப்பட்டன. இப்படிப்பட்ட களிம்புகள் சிலவும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் எல்லாக் கலவையும் அதில் சிக்கவில்லை. 'சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது' என்ற எச்சரிக்கையும் டியூப் மேல் பொடி எழுத்தில், அதுவும் இங்கிலீஷில் இருக்கிறது. யார் படிப்பது? குளோபிடசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. இந்த மூன்றையாவது மனதில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் கேட்கலாம்.

இதற்கு நடுவில் பூஞ்சையும் உஷாராகிவிட்டது. நம் நாட்டில் பரவிய ஒரு வகைக்கு 2020-ல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் 'டிரைக்கோபைட்டான் இந்தோட்டினியே' என்று பெயரே வைத்துவிட்டார்கள். பெயரிலேயே நம்ம ஊர் முத்திரை! டெர்பினாபின் என்ற வழக்கமான மாத்திரைக்கு இது பல நேரம் மசிவதில்லை. 2023-ல் நியூயார்க்கிலும் இது இரண்டு பேரிடம் கண்டுபிடிக்கப்பட்டது. முன்பு இரண்டு வாரத்தில் போன படர்தாமரை இப்போது ஒரு மாதம், இரண்டு மாதம் என்று இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒருத்தருக்கு மட்டும் வைத்தியம் போதாது

தோல் டாக்டர்கள் சொல்லும் கணக்கு எளிது. வட்டத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை, தினம் 2 வேளை, தோல் சுத்தமாக ஆறிய பிறகும் 2 வாரம் மருந்து போட வேண்டும். நம்மில் பலர் கோட்டை விடுவது இந்தக் கடைசி 2 வாரத்தில்தான். உடம்பில் பல இடத்தில் இருந்தாலும், குழந்தைகளுக்குத் தலையில் வந்தாலும் களிம்பு மட்டும் போதாது. டாக்டர் பார்த்து மாத்திரை தர வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் வீட்டுக்குள் இருக்கிறது. பல்லாவரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் பக்கம் ஒரே ரூமில் ஐந்தாறு பேர் தங்குகிறார்கள். துண்டு ஒன்று, கொடிக்கயிறு ஒன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜட்டி காய்வதற்கே ரெண்டு நாள் ஆகிறது. அரைகுறை ஈரத்தோடு போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடுகிறார்கள். அரிப்பு உள்ள எல்லோரும் ஒரே சமயத்தில் மருந்து போடாவிட்டால், ஒருத்தருக்கு ஆறி அடுத்தவரிடம் இருந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும். துண்டு, உள்ளாடை, போர்வை தனித்தனியாக இருக்க வேண்டும். துணியை வெந்நீரில் அலசி, உள்பக்கத்தைத் திருப்பி வெயிலில் போட வேண்டும். வெயில் இல்லாத நாளில் இஸ்திரிப் பெட்டியாவது காட்டலாம்.

கை வைத்தியம் பார்க்கிறேன் என்று பூண்டை அரைத்துக் கட்டினால் தோல் வெந்துவிடும். படர்தாமரைக்கு சீமை அகத்தி இலை பூசுவது பழைய வழக்கம்தான். சித்த வைத்தியத்தில் நம்பிக்கை உள்ளவர்களுக்கு தாம்பரம் சானடோரியத்திலேயே 2005 முதல் தேசிய சித்த மருத்துவமனை இருக்கிறது. யூடியூப் பார்த்து அரைப்பதற்கு அங்கே போய்க் கேட்பது மேல். இங்கிலீஷ் வைத்தியத்துக்கு செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது.

எங்கே போனாலும் இதுவரை போட்ட டியூப்களை, காலியானது உட்பட, ஒரு கவரில் போட்டு எடுத்துப்போக வேண்டும். "என்ன மருந்து போட்டீங்க?" என்று டாக்டர் கேட்கும்போது "மஞ்சள் கலர் டியூப் சார்" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது.