நோய் சாட்சியல்ல

நெல் ஜெயராமன் 2018 டிசம்பர் 6 அன்று, 50ஆம் வயதில், புற்றுநோயால் மறைந்தார். இயற்கை வேளாண்மை பேசியவருக்கே இந்நோயா என்று எள்ளியோரை நாம் மறக்கவில்லை. பாரம்பரிய அரிசி உண்டால் எந்நோயும் அண்டாது என்று கூவி விற்போரும் அவர்களுக்குச் சளைத்தவர் அல்லர். இரு சாராரும் ஒரு மனிதரின் உடலைத் தம் வழக்குக்குச் சாட்சியாக்குகின்றனர். ஒருவர் நோயுற்றதால் அவர் காத்த நெல் பழுதாகிவிடுமா?

அவர் மருந்து விற்கவில்லை, விதை காத்தார். நம்மாழ்வார் வழிநின்று 150க்கும் மேற்பட்ட நெல் வகைகளை மீட்டார். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தின் நெல் திருவிழாவில் 2 கிலோ விதை பெற்றவர், மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பதே நியதி.

அவரைப் பேச்சில் போற்றும் நாமும் அக்கடனில் ஒரு பிடியேனும் அடைத்தோமா?