டாக்டரும் அல்ல, நர்சும் அல்ல! புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஒரு புதிய ஆள்

ஒரு பெண்ணின் மார்பில் சிறு கட்டி தென்படுகிறது. வலி இல்லை. ஆனாலும் பயம்.

ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். "படம் எடுத்து வா" என்கிறார்கள். படம் எடுக்க அடுத்த மாதம்தான் இடம் கிடைக்கிறது. படத்தைப் பார்த்த டாக்டர், "கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும்" என்கிறார். அதற்கு வேறு கட்டடம், வேறு சீட்டு, வேறு நாள்.

அன்று வேலைக்கு லீவு கிடைக்கவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. கையில் பணமும் இல்லை. "வலிதான் இல்லையே, பிறகு பார்க்கலாம்" என்று இருந்துவிடுகிறாள்.

கட்டி காத்திருக்குமா? காத்திருக்காது!

இப்படி நடுவழியில் நின்றுபோகிறவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வதற்கென்றே, அமெரிக்கப் புற்றுநோய் ஆஸ்பத்திரிகளில் ஒரு புதிய ஆளைச் சேர்த்திருக்கிறார்கள். அவருக்கு 'நோயாளி வழிகாட்டி' என்று பெயர். 2024-ம் ஆண்டு முதல் அவருடைய வேலைக்கு அந்நாட்டு அரசாங்க இன்சூரன்சே பணம் கொடுக்கிறது.

ஒரு வழிகாட்டிக்கு இவ்வளவு மதிப்பு ஏன்?

ஹார்லெமில் கண்ட உண்மை

நியூயார்க் நகரில் ஹார்லெம் என்று ஒரு பகுதி. கறுப்பர் இன மக்கள் திரளாக வாழ்ந்த இடம். ஏழைகள் அதிகம். 1967-ல் ஹரால்டு பிரீமன் என்ற டாக்டர் அங்குள்ள ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவரும் கறுப்பர் இனத்தவர். ஆபரேஷன் செய்வதில் தேர்ந்தவர்.

ஆனால் அவர் கத்தியைத் தொடுவதற்கு முன்பே பலருக்குக் காலம் கடந்துவிட்டிருந்தது. நோய் நன்றாக முற்றிய பிறகே பெண்கள் வந்தார்கள்.

1986 வரை 22 ஆண்டுகளில் அங்கு வந்த 606 மார்பகப் புற்றுநோயாளிகளின் கணக்கு எடுக்கப்பட்டது. ஏறக்குறைய பாதிப்பேர் நோய் முற்றி வந்தவர்கள். முதல் கட்டத்திலேயே வந்தவர்கள் 100-க்கு 6 பேர்தான். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தவர்கள் 100-க்கு 39 பேர்.

டாக்டர் பிரீமன் 1979-ல் இலவசப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார். பெண்கள் வந்தார்கள். ஆனால், "சந்தேகமாக இருக்கிறது, மேலும் சோதிக்க வேண்டும்" என்று சொல்லப்பட்டவர்களில் பலர் திரும்பி வரவில்லை. நோயைக் கண்டுபிடித்தும் பலன் இல்லை!

1989-ல் ஏழைப் புற்றுநோயாளிகளைப் பல நகரங்களில் அழைத்துப் பேச வைத்தார்கள். அவர்கள் சொன்ன குறைகளைக் கேட்ட பிறகு, 1990-ல் ஹார்லெமில் முதல் வழிகாட்டித் திட்டம் பிறந்தது.

என்ன வேலை?

வழிகாட்டி ஊசி போட மாட்டார். மருந்து எழுதித் தர மாட்டார். ஆனால் அடுத்த சோதனைக்கு நாள் வாங்கித் தருவார். அந்த நாளை நினைவூட்டுவார். வராவிட்டால் தேடிப்பிடித்துக் காரணம் கேட்பார். வண்டி வசதி இல்லையா? அதற்கு வழி பார்ப்பார். இன்சூரன்சு மனு எழுத உதவி செய்வார். டாக்டர் சொன்னது புரியாவிட்டால், புரியும்படி எடுத்துச் சொல்ல ஏற்பாடு செய்வார்.

எல்லாம் சின்ன வேலைகள். ஆனால் ஏழையின் வழியில் இவைதான் பெரிய சுவர்கள்!

பலன் என்ன?

1995 முதல் 2000 வரை அதே ஆஸ்பத்திரிக்கு வந்த 300-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் கணக்கு மீண்டும் எடுக்கப்பட்டது. நோயின் ஆரம்பத்திலேயே வந்தவர்கள் 100-க்கு 41 பேர். முற்றி வந்தவர்கள் 21 பேர்தான். ஐந்து ஆண்டு உயிர் வாழ்ந்தவர்கள் 100-க்கு 70 பேர்!

இது முழுவதும் வழிகாட்டியால் வந்ததா? அப்படிச் சொல்ல முடியாது. இலவசப் பரிசோதனையும் சேர்ந்தே வேலை செய்தது. இதற்கிடையில் மருந்துகளும் முன்னேறின. ஆனால், எவ்வளவு நல்ல மருந்தானாலும் நோயாளி வந்து சேர்ந்தால்தானே பயன்படும்?

சம்பளம் யார் தருவது?

இங்கேதான் சிக்கல். டாக்டர் பார்த்தால் அதற்கு ஒரு கட்டணம். படம் எடுத்தால் அதற்கு ஒரு கட்டணம். வழிகாட்டிய வேலைக்கு எந்தக் கணக்கில் பணம் கேட்பது? பல இடங்களில் நன்கொடையை நம்பியே வழிகாட்டிகள் வேலை செய்தார்கள். நன்கொடை தீர்ந்தால் வேலையும் போய்விடும்.

2005-ல் ஜனாதிபதி புஷ் இதற்காக ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ஐந்து ஆண்டுகளுக்கு 2½ கோடி டாலர் ஒதுக்க அது வழி செய்தது. அதுவும் காலவரம்பு உள்ள பணம்தான். முதியவர்களுக்கான அரசாங்க இன்சூரன்சான 'மெடிக்கேர்' 2024 ஜனவரியில் பணம் தர முன்வந்ததுதான் பெரிய மாறுதல். விருந்தாளியாக இருந்த வழிகாட்டி இப்போது வீட்டு மனிதர் ஆகியிருக்கிறார்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. வழிகாட்டி இருந்தால் மட்டும் போதாது. போய்ச் சேர ஆஸ்பத்திரி வேண்டும். அங்கே டாக்டரும் மருந்தும் இருக்க வேண்டும். இல்லாத ஊருக்கு யாரும் வழிகாட்ட முடியாது!

மும்பையில் ஒரு 'படகோட்டி'

இந்தியாவிலும் இந்த எண்ணம் வேரூன்றியிருக்கிறது. மும்பை டாடா நினைவு ஆஸ்பத்திரி வழிகாட்டிகளுக்குப் பயிற்சி தருகிறது. திட்டத்தின் பெயர் 'கேவட்'. ராமாயணத்தில் ராமனைக் கங்கையின் அக்கரை சேர்த்த படகோட்டியை வடநாட்டில் அப்படி அழைக்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்தக் கதையைக் கேட்டவர்களுக்குக் குகன் நினைவு வரும். பொருத்தமான பெயர்!

வழிகாட்டி இல்லாத ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என்ன செய்வது? நோயாளியைத் தனியாக அனுப்ப வேண்டாம். வீட்டிலிருந்து ஒருவர் கூடப் போகவேண்டும். மூன்று கேள்விகளுக்குப் பதில் வாங்காமல் திரும்பக் கூடாது.

அடுத்த சோதனை என்ன? எந்தத் தேதியில்? சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது?

பதிலை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதி தவறாமல் நோயாளியை அழைத்துச் செல்லுங்கள்.