வாயிலைக் காப்பது பட்டியலே

மும்பை, பெங்களூரு போன்ற நகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தானியங்கி வாயில் பழுதுற்றால், முழுவதையும் மாற்றிவிடலாம் என்பதே பொதுக்குழுவில் எழும் முதற்குரல். மோட்டார்ப் பழுதைப் பெரும்பாலும் சீர்செய்துவிடலாம். கவனம் பெறாதது அட்டைப் பட்டியலே. வங்கி அட்டை தொலைந்தால் உடனே முடக்குகிறோம். வீட்டைக் காலிசெய்தவரின் வாயில் அட்டையை முடக்குகிறோமா? 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் பழைய அட்டைகளில் பலவற்றை எளிதில் நகலெடுக்கவும் இயலும். ஆகவே, குறியாக்கப் பாதுகாப்புள்ள 13.56 மெகாஹெர்ட்ஸ் அட்டைகளுக்கும் அவற்றை வாசிக்கும் கருவிக்கும் முதலில் நிதி ஒதுக்குவதே சிக்கனம். மின்தடையின்போது கையால் திறக்கும் வசதியும் இன்றியமையாதது. ஆண்டுக் கணக்கோடு அட்டைக் கணக்கையும் தணிக்கை செய்யுங்கள். பழைய பட்டியலையே ஏற்றிய புதிய வாயில், வெளியேறியவருக்கும் திறக்கும்.