27 வயதில் ‘வயது காரணமான தேய்மானம்’: முதுகு பார்க்கும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய எலும்பு மூட்டு மருத்துவர்களுக்கும், ஸ்கேன் அறிக்கை எழுதும் ரேடியாலஜி மருத்துவர்களுக்கும்,

நான் தர்மபுரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை. வயது 28. என் இடுப்புப் பகுதி முதுகெலும்பில் உள்ள ஐந்து டிஸ்குகளில் நான்கு காய்ந்து, உயரம் குறைந்து போயிருக்கின்றன. விபத்து எதுவும் நடந்ததில்லை. மூட்டை தூக்கிப் பிழைத்ததில்லை. சிகரெட் பழக்கம் இல்லை. இந்த வயதில் இது ஏன் வந்தது என்று கேட்கத்தான் உங்களிடம் வந்தேன். பெல்ட் கொடுத்தீர்கள், மாத்திரை கொடுத்தீர்கள், டிராக்‌ஷனில் படுக்க வைத்தீர்கள், முதுகில் ஊசியும் போட்டீர்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. பதில் தேடுவதற்காக நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளும் வரவில்லை. அதுதான் இந்த மடலின் மனக்குறை.

என் எம்.ஆர்.ஐ. அறிக்கையிலிருந்தே தொடங்குகிறேன். தாளின் மேலே என் பெயரை அடுத்து ‘27/ஆண்’ என்று அச்சாகியிருக்கிறது. கீழே எல்2 முதல் எஸ்1 வரை டிஸ்குகளில் நீர்ச்சத்துக் குறைவு, எல்4-எல்5இல் பிதுக்கம், எலும்புத் தட்டுகளில் ஆங்காங்கே ஷ்மோர்ல் முடிச்சு எனப்படும் குழிகள் என்று வரிசையாக வருகிறது. கடைசியில் முடிவுரை: ‘வயது சார்ந்த தேய்மான மாற்றங்கள்.’ முதல் வரியையும் கடைசி வரியையும் ஒருவரே எழுதியிருந்தால் பேனா கொஞ்சம் தயங்கியிருக்கும். அறுபது வயதுக்காரர்களுக்காகக் கணினியில் அடித்து வைத்திருந்த வாக்கியம் எனக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அந்தத் தாளைப் பார்த்த எல்லாரும் அந்த வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

“என்ன வேலை தம்பி?” “கம்ப்யூட்டர் சார்.” “அதான்.” “வண்டி ஓட்டுவீங்களா?” “ஆமா சார், பைக்.” “அதுவும்தான். டயர் தேயற மாதிரிதான் இது, யூஸ் பண்ணா தேயும்.” டயர் என்றே வைத்துக்கொள்வோம். புது டயர் ஒரே வருடத்தில் மொட்டையானால், வீல் அலைன்மென்ட் பார்க்கச் சொல்லி மெக்கானிக்கே அனுப்புவார். என் பிரிவில் எனக்கு முன்பிருந்தே அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே ஓசூர் சாலையில் பைக் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதுகு நன்றாகத்தான் இருக்கிறது.

பைக்கின் மேலும் நாற்காலியின் மேலும் பழியைப் போடுவதற்கு ஆய்வுகளும் துணை வரவில்லை. 2002இல் லான்செட் இதழில் பின்லாந்து ஆய்வு ஒன்று வெளியானது. ஒரே கருவில் உருவான ஆண் இரட்டையர் 45 ஜோடிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்கு வண்டி ஓட்டுவதே பிழைப்பு, மற்றவருக்கு அப்படி இல்லை. இருவர் முதுகையும் ஸ்கேன் செய்து ஒப்பிட்டபோது டிஸ்க் தேய்மானத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 1999இல் வெளியான இன்னொரு இரட்டையர் ஆய்வு, இடுப்பு டிஸ்க் தேய்மானத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 74 சதவீதம் பரம்பரையைச் சேர்ந்தது என்று கணக்கிட்டது. இவை இருபது வருடத்துக்கு முந்தைய செய்திகள். ஆனால் என் அப்பாவுக்கு முதுகு எப்படி, பெரியப்பாவுக்கு எந்த வயதில் கூன் விழுந்தது என்று ஒருவர்கூட விசாரிக்கவில்லை.

உங்கள் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் ஒரு ஆய்வு வந்தது. இருபது வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் எண்பது வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. ஆகவே படத்தில் தெரிகிற தேய்மானமும் நான் படுகிற வலியும் வேறு வேறாகவே இருக்கலாம். சரி, அதையாவது எனக்கு விளக்கியிருக்கலாமே. ஒருவர் “ஒண்ணும் இல்ல, எல்லாருக்கும் இருக்கும்” என்கிறார். இன்னொருவர் அதே படத்தைப் பார்த்து “ஜவ்வெல்லாம் போச்சு, இனி குனியவே கூடாது” என்று பயமுறுத்துகிறார். இரண்டு பேருமே நான் சட்டையைப் போட்டு முடிப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வலி என்றால் எப்போது வலி? விடிவதற்கு முன்பே முதுகு பிடித்து விழிப்பு வரும். எழுந்து அரை மணி நேரம் நடமாடினால்தான் இளகும். ஞாயிற்றுக்கிழமை படுத்தே இருந்தால் திங்கட்கிழமை இன்னும் மோசம். இளம் வயதில் தொடங்கி, ஓய்வில் கூடி, நடந்தால் குறைகிற முதுகுவலி என்றால் அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் வகை அழற்சி நோயைச் சந்தேகிக்க வேண்டும் என்பது மருத்துவ மாணவர்களுக்கே சொல்லிக்கொடுக்கும் பாடம். ரத்தத்தில் ஹெச்.எல்.ஏ.-பி27 பார்க்கலாம். சாக்ரோஇலியாக் மூட்டைத் தனியாக ஸ்கேன் எடுக்கலாம். வழக்கமான இடுப்பு ஸ்கேனில் அந்த மூட்டு முழுதாக வராது. இந்த நோய்க்கு மருந்து உண்டு, தாமதம்தான் கேடு. எனக்கு அது இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. இல்லை என்று யாரும் பார்த்துச் சொல்லவில்லை என்கிறேன்.

அடுத்தது அபூர்வமான ஒன்று. அல்காப்டோனூரியா என்ற பிறவிக் கோளாறில் உடம்பில் ஹோமோஜென்டிசிக் அமிலம் சேர்ந்து குருத்தெலும்பையும் டிஸ்கையும் கருக்கி உதிர வைக்கும். முப்பது வயதையொட்டி முதுகுவலியாகத்தான் வெளியே தெரியும். சிறுநீரைப் பிடித்து வைத்தால் நேரம் போகப் போகக் கறுக்கும். இலண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேரட் 1902இல் விவரித்த நோய் இது. உலகில் அபூர்வம் என்றாலும் நம் தமிழ்நாட்டு நரிக்குறவர் சமூகத்தில் அதிகம் என்பதை 2014இல் மரபணு ஆய்வே காட்டியிருக்கிறது. கண்டுபிடிக்கத் தேவை ஒரு சிறுநீர்ப் பரிசோதனை. அந்தச் சமூகத்து இளைஞன் ஒருவன் உங்கள் ஓ.பி.யில் வந்து உட்கார்ந்தாலும் ‘வெயிட் தூக்காதே’ என்றுதான் சொல்லி அனுப்புவீர்களோ என்ற பயம் எனக்கு இருக்கிறது.

இப்போது என் ஊர்ச் சங்கதிக்கு வருகிறேன். நான் சிரித்தால் முன்பற்களில் பழுப்புக் கோடு தெரியும். வெள்ளைத் திட்டும் இருக்கும். எங்கள் பள்ளியில் பாதிப் பேருக்கு அப்படித்தான். பல் உள்ளே உருவாகும் சிறு வயதில் ஃப்ளோரைடு மிகுந்த தண்ணீரைக் குடித்தவர்களுக்கு விழுகிற கறை அது. அதன் பிறகு விழாது. அதாவது நான் எந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தேன் என்பதற்கான அத்தாட்சி என் வாயிலேயே இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தணிப்பு இருக்கிறது. 2013இல் அது தொடங்கியபோது எனக்குப் பல்லெல்லாம் முளைத்து முடிந்திருந்தது. அதுவரை குடித்ததெல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருந்த அடிபம்புத் தண்ணீர்.

ஃப்ளோரைடு பல்லோடு நிற்பதில்லை. பல ஆண்டுகள் உள்ளே போனால் எலும்பில் படிந்து அதன் அடர்த்தியைக் கூட்டும், முதுகெலும்பைச் சுற்றிய தசைநார்களில் சுண்ணாம்பாகப் படியும், முதுகு விறைக்கும். எலும்பைத் தாக்கும் இந்த நோயை 1937இல் ஷார்ட் குழுவினர் எழுதியது நெல்லூர் மாவட்டத்தை வைத்துத்தான். அன்று அது சென்னை மாகாணம். குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். 2008-09 முதல் தேசிய ஃப்ளோரோசிஸ் தடுப்புத் திட்டம் என்று ஒன்றும் நடக்கிறது. முன்கையை ஒரு எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு எலும்புக்கும் நடுவிலுள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருப்பது தெரிந்துவிடும். சிறுநீரில் ஃப்ளோரைடு அளவையும் பார்க்கலாம். எம்.ஆர்.ஐ.க்கு ஆகும் செலவில் சிறு பங்குகூட இதற்கு ஆகாது.

என் டிஸ்குகள் காய்ந்ததற்கு ஃப்ளோரைடுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. அது முதலில் பிடிப்பது எலும்பையும் தசைநாரையும்தான் என்பதும் தெரியும். ஆனால் எங்கள் மாவட்டத்திலிருந்து வருகிற ஒருவனிடம், அதுவும் வாயைத் திறந்தால் பழுப்புப் பல் தெரிகிறவனிடம், “சின்ன வயசுல என்ன தண்ணி குடிச்சீங்க?” என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

காரணம் தெரிந்து என்ன ஆகப் போகிறது, வைத்தியம் ஒன்றுதானே என்று ஒரு மருத்துவர் கேட்டார். ஒன்று இல்லை ஐயா. அழற்சி நோய் என்றால் மருந்து வேறு, பார்க்க வேண்டிய மருத்துவரும் வேறு. தண்ணீர் என்றால் என் வீட்டுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே மாற்று வேண்டும். பரம்பரை என்றால் என் தங்கை இப்போதே கவனமாக இருக்க வேண்டும். 24 வயதில் அவளுக்கும் காலையில் இடுப்பு பிடிக்கத் தொடங்கிவிட்டது. அவளைக் கூட்டிக்கொண்டு வந்தால் அவளுடைய அறிக்கையிலும் அதே கடைசி வரிதான் இருக்கும் என்பதால் இன்னும் கூட்டி வரவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான்.

ஒன்று: நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவரின் ஸ்கேனில் பல டிஸ்குகள் தேய்ந்திருந்தால் ‘வயது சார்ந்த’ என்று எழுதாதீர்கள். ‘வயதுக்கு மீறிய தேய்மானம், காரணம் ஆராயப்பட வேண்டும்’ என்று எழுதுங்கள். அடுத்த மருத்துவர் அந்த வரியிலிருந்து தொடங்குவார்.

இரண்டு: சொந்த ஊர், குடித்த தண்ணீர், குடும்பத்தில் முதுகுப் பிரச்சினை, வலி வரும் நேரம். இந்த நான்கையும் ஓ.பி. சீட்டிலேயே அச்சடித்து வையுங்கள். மருத்துவருக்கு நேரமில்லை என்றால் நர்ஸம்மா கேட்டு நிரப்பட்டும்.

மூன்று: அழற்சி இருக்குமோ என்று துளி சந்தேகம் வந்தாலும் ருமட்டாலஜிக்கு அனுப்புங்கள்.

நான்கு: எதையெல்லாம் பார்த்து இல்லை என்று முடிவு செய்தீர்கள் என்பதை எழுதிக் கொடுங்கள். எல்லாம் பார்த்த பிறகும் காரணம் பிடிபடவில்லை என்றால் ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அதில் உங்களுக்குக் குறைச்சல் ஒன்றும் இல்லை. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நான் இன்னொரு கதவைத் தட்டுவேன். ‘வயது’ என்று எழுதிய தாளை நீட்டினால் எல்லாக் கதவும் முதல் பார்வையிலேயே மூடிக்கொள்கிறது.

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும்
தர்மபுரி மாவட்டத்துக்காரன்